மோர்ஸைக் காதால் பழகுவது எப்படி: கொழும்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

புள்ளி, கோடு என்ற குறுகிய, நீண்ட ஒலிகளால் செய்தி அனுப்பும் மோர்ஸ் முறையைப் பழக ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் தேடி எடுப்பது ஓர் அட்டவணையை. ஏ என்றால் ஒரு புள்ளி ஒரு கோடு, பி என்றால் ஒரு கோடு மூன்று புள்ளி என்று இருபத்தாறு எழுத்துக்கும் பத்து இலக்கத்துக்கும் அதில் வரிசையாகப் போட்டிருக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கொப்பியில் எழுதி, பஸ்ஸில் போகும்போது பாராமல் ஒப்புவித்து, ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன். அதற்குப் பிறகு ரேடியோவில் உண்மையான ஒரு நிலையத்தைக் கேட்டபோது ஓர் எழுத்துக்கூடப் பிடிபடவில்லை. ஓர் ஒலியைக் கேட்டு, அதைப் புள்ளியும் கோடுமாக மாற்றி, மனதில் இருந்த அட்டவணையில் தேடி முடிப்பதற்குள் அடுத்த நான்கு எழுத்துகள் போய்விட்டன.

என் சிக்கலைத் தீர்த்து வைத்தவர் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓர் ஐயா. கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் நீட்டிய அட்டவணையை வாங்கிப் பார்த்துவிட்டு, "உந்தக் கடதாசியை முதலிலை மடிச்சு வையும், தம்பி" என்றார்.

"அப்ப எதைப் பாத்துப் படிக்கிறது, ஐயா?"

"பாக்க ஒண்டும் இல்லை. கேளும்."

மேசையில் விரலால் தட்டாமல், வாயாலேயே சொல்லிக் காட்டினார்: டா டி டா. "இது கே. கோடு புள்ளி கோடு இல்லை. டா டி டா. மிருதங்கம் பழகிற பிள்ளை முதலிலை சொல்லுக்கட்டை வாயாலை சொல்லிப் பழகுது, பிறகுதான் கை. இதுவும் அப்பிடித்தான்."

இந்த வழிகாட்டி முழுவதும் "கேளும்" என்ற அந்த ஒரு சொல்லை ஒட்டியே போகிறது. அட்டவணையை இப்போதே மூடிவிடுங்கள்.

இத்தனை காலத்துக்குப் பிறகும் ஏன்

1844 மே 24ஆம் தேதி சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பினார். இன்று நாம் பழகும் வடிவம் அதே அல்ல. ஜெர்மனியில் ஃபிரீட்ரிஷ் கெர்கே 1848இல் அதைத் திருத்தி அமைத்தார். அதை ஒட்டியதுதான் பின்னர் சர்வதேச மோர்ஸ் ஆனது. கப்பல்கள் 1999 பெப்ரவரி 1ஆம் தேதியோடு செயற்கைக்கோள் சார்ந்த பாதுகாப்பு முறைக்கு முழுதாக மாறின. 2003இல் கூடிய உலக வானொலி மாநாடு, சிற்றலையில் இயங்க மோர்ஸ் தேர்வு கட்டாயம் என்ற சர்வதேச விதியை நீக்கி, அந்த முடிவை ஒவ்வொரு நாட்டிடமும் விட்டது. கட்டாயம் போன பிறகு இது மெல்ல மறைந்துவிடும் என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் எந்த வார இறுதியிலாவது 14.000 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே கேட்டுப் பாருங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக நிலையங்கள் நிறைந்திருக்கும். யாரும் கட்டாயப்படுத்தாமல், விரும்பி வந்தவர்கள் அவர்கள்.

இதற்கு ஒரு பௌதிகக் காரணம் உண்டு. பேச்சை அனுப்ப ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸ் போதும். நீங்கள் வைத்திருக்கும் சொற்ப சக்தியெல்லாம் அந்தச் சிறிய இடத்தில் குவிகிறது. கேட்பவரும் 250 ஹெர்ட்ஸ் வடிகட்டியைப் போட்டுக்கொண்டால், உள்ளே வரும் இரைச்சல் பத்தில் ஒன்றாகிவிடும். அதனால்தான் 5 வாட்டில், ஒரு சைக்கிள் விளக்கு எரியும் அளவு சக்தியில், கொழும்பிலிருந்து ஐரோப்பாவோடு உரையாட முடிகிறது.

சைக்கிள் விளக்கு என்று சொல்லும்போது எனக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட அனுபவம் இருக்கும். நான் சுற்ற, அப்பா செய்தி கேட்பார். கொஞ்சம் மின்சாரமும் கவனமான ஒரு காதும் இருந்தால் எவ்வளவு தூரத்தில் இருப்பதையும் கேட்கலாம் என்பதை நான் படித்தது அங்கேதான். மோர்ஸ் எனக்கு உடனே சொந்தமாகிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொழும்புக்கும் இதில் பழைய உறவு இருக்கிறது. தந்தித் திணைக்களத்தில் தலைமைப் பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோப் பாகங்களைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியை அமைத்து, மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிறிய அறையிலிருந்து 1923இல் இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பார்த்தார். 1925 டிசம்பர் 16ஆம் தேதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது அந்தச் சோதனையிலிருந்துதான். அவருக்குத் துணை நின்றவர்கள் இந்த ஊரின் ஆர்வலர்கள். அவர்களைச் சேர்த்து அவர் ஒரு வயர்லெஸ் கிளப்பும் அமைத்தார்.

முதல் படி: மாத்திரையை உணர்தல்

நம் பள்ளி இலக்கணம் இங்கே நேரடியாகக் கைகொடுக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, உயிரளபெடைக்கு மூன்று என்று படித்திருக்கிறோம். மோர்ஸில் டி என்பது ஒரு மாத்திரை. டா என்பது மூன்று மாத்திரை, அதாவது "டாஅ" என்று அளபெடுக்க வேண்டும். தமிழர்கள் தொடக்கத்தில் செய்யும் பிழையே டாவை வழக்கமான நெடிலாக, இரண்டு மாத்திரையில் நிறுத்திவிடுவதுதான். அப்படிச் செய்தால் டியும் டாவும் ஒன்றோடொன்று குழம்பும்.

மௌனத்துக்கும் அளவு உண்டு. ஓர் எழுத்துக்குள் டிக்கும் டாவுக்கும் இடையே ஒரு மாத்திரை. இரண்டு எழுத்துகளுக்கு இடையே மூன்று. இரண்டு சொற்களுக்கு இடையே ஏழு. நல்ல மோர்ஸையும் மோசமான மோர்ஸையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த மௌனங்கள்தான். ஒலியை எல்லோரும் ஓரளவு சரியாக அடித்துவிடுவார்கள்.

வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று அளக்கிறார்கள். "பாரிஸ்" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, அதன் பின்வரும் இடைவெளியோடு சேர்த்து, சரியாக 50 மாத்திரை. நிமிடத்துக்கு 20 சொல் என்றால் 1,000 மாத்திரை. ஒரு டி 60 மில்லிசெக்கன், ஒரு டா 180 மில்லிசெக்கன். இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

இரண்டாம் படி: இரண்டே எழுத்தில் தொடங்குதல்

மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டலாம் என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். ஆனால் இதில் அது தவறான வழி. நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் ஒரு டி 240 மில்லிசெக்கன் நீள்கிறது; அந்த வேகத்தில் மூளை ஒவ்வொன்றையும் எண்ணத் தொடங்கிவிடும். எண்ணப் பழகிய மூளை நிமிடத்துக்கு 10 சொல்லுக்கு அருகே ஒரு சுவரில் போய் முட்டும். அந்தச் சுவரிலேயே பல வருடம் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும்.

1930களில் லுட்விக் கோக் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதற்கு ஒரு வழி கண்டார். முதல் நாளிலேயே முழு வேகம், ஆனால் இரண்டே எழுத்து. பத்தில் ஒன்பது சரியாக வந்ததும் மூன்றாவது எழுத்தைச் சேர்க்க வேண்டும். இன்று பரவலாகப் பயன்படும் வரிசை கே, எம், ஆர், எஸ், யூ, ஏ என்று தொடங்குகிறது. வாயால் சொல்லிப் பாருங்கள்:

கே: டா டி டா
எம்: டா டா
ஆர்: டி டா டிட்
எஸ்: டி டி டிட்
யூ: டி டி டா
ஏ: டி டா

கடைசியில் வரும் டியை "டிட்" என்று அடைத்துச் சொல்வது வழக்கம். எழுத்து முடிந்தது என்பதைக் காது அதிலிருந்து பிடித்துக்கொள்ளும்.

இதோடு ஃபார்ன்ஸ்வொர்த் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்தின் உள்ளே வேகம் 20, ஆனால் எழுத்துகளுக்கு இடையே மௌனத்தை நீட்டி மொத்த வேகத்தை 7 அல்லது 8 ஆகக் குறைப்பது. யோசிக்க நேரம் கிடைக்கும், எண்ண நேரம் கிடைக்காது. எல்சிடபிள்யூஓ என்ற இலவச இணையத்தளத்தில் இந்த இரண்டு முறையிலும் பாடங்கள் இருக்கின்றன. ஒலியின் சுருதியை 600 ஹெர்ட்ஸ் அளவில் வைத்துக்கொள்ளுங்கள், நீண்ட நேரம் கேட்டாலும் காது களைக்காது.

நேரத்தைப் பொறுத்தவரை, நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு 15 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் உட்கார்ந்து மற்ற ஆறு நாளும் விட்டுவிடுவது பயன் தராது. மருதானைக்குப் போகும் ரயிலில் இருக்கும் நேரம் எனக்கு ஒரு தடவைக்குச் சரியாக இருந்தது. வெள்ளவத்தையில் ஏறி, கடலைப் பார்த்துக்கொண்டு, காதில் எழுத்துகளை வாங்கிக்கொண்டு போனேன். ரயில் இரைச்சலோடு கேட்டுப் பழகியது பிற்பாடு உண்மையான அலைவரிசையில் பெரிய உதவியாக இருந்தது.

கேட்டதை எழுதும்போது ஒரு விதி: தவறிய எழுத்துக்கு ஒரு சிறு கோடு போட்டுவிட்டு உடனே அடுத்ததற்குப் போங்கள். தவறியதை நினைத்து நின்றால் இன்னும் மூன்று தவறும்.

மூன்றாம் படி: தேங்கி நிற்கும் காலத்தைக் கடத்தல்

ஏறத்தாழ இருபது எழுத்து சேர்ந்த பிறகு எல்லோருக்கும் ஒரு தேக்கம் வரும். நேற்று வந்த எழுத்து இன்று வராது. எச்சும் 5உம் ஒன்றுபோல் கேட்கும்: ஒன்று நான்கு டி, மற்றது ஐந்து டி. பியும் 6உம், வியும் 4உம் அப்படித்தான். பெரும்பாலானவர்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

குழம்பும் இரண்டை மட்டும் தனியே எடுத்துக் கலந்து கேட்பது ஒரு வழி. ஆனால் எண்ணிப் பிரிக்காதீர்கள். எச் ஒரு சிறிய உருளல், 5 அதைவிட நீண்ட உருளல்; நாவில் "டிடிடிடிட்", "டிடிடிடிடிட்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் நீள வேறுபாடு காதில் பதியும். மிருதங்கத்தில் "தகதிமி"யையும் "தகதகிட"வையும் யாரும் எண்ணிப் பிரிப்பதில்லை. நான்கின் நடையும் ஐந்தின் நடையும் வேறு வேறு என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு வழி, இரண்டு நாள் முழுதாக விட்டுவிடுவது. திரும்பி வரும்போது ஏதோ ஒன்று தானாக அடுக்கி வைக்கப்பட்டதுபோல் இருக்கும். எனக்கு இரண்டு தடவை அப்படி நடந்தது.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது: எழுத்துகளை விட்டுச் சொற்களுக்குப் போவது. நாம் தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பதில்லை; "வெள்ளவத்தை" என்ற சொல்லைக் கண்டதும் முழுதாகப் பிடிக்கிறோம். மோர்ஸிலும் அப்படியே சில ஒலிக்கோவைகளை முழுதாகப் பிடிக்கலாம். சிகியூ என்பது எல்லோரையும் அழைக்கும் அழைப்பு: டா டி டா டிட், டா டா டி டா. 73 என்பது வாழ்த்து: டா டா டி டி டிட், டி டி டி டா டா. அந்த இரண்டு இலக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்பதைக் கேளுங்கள். ஒருமுறை காதில் விழுந்தால் மறக்காது.

நான்காம் படி: உண்மையான அலையைக் கேட்டல்

கணினி அனுப்பும் மோர்ஸ் சுத்தமானது. உண்மையான அலையில் சுருதி அசையும், ஒலி மங்கும், இடி இரைச்சல் வரும், பக்கத்தில் இன்னொருவர் அழைப்பார். கோக் பாடங்களில் பாதியைத் தாண்டியதும் இதையும் கேட்கத் தொடங்குங்கள். இதற்கு நீங்கள் எதுவும் வாங்கத் தேவையில்லை. இணையம்வழி கேட்கக்கூடிய ரேடியோக்களை இணைய வாங்கி என்கிறார்கள்; நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் நடத்துவதுபோல் பல இருக்கின்றன. உலாவியைத் திறந்து 7.000 முதல் 7.030 வரையோ, 14.000 முதல் 14.060 மெகாஹெர்ட்ஸ் வரையோ நகர்த்திக் கேட்கலாம்.

ஒரு தனிப் பயிற்சியைச் சொல்கிறேன். உலகம் முழுவதும் 18 வழிகாட்டி நிலையங்கள் ஒரே அலைவரிசையில் முறைவைத்து ஒலிக்கும்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது: 14.100 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொன்றுக்கும் பத்து செக்கன். மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். முதலில் நிமிடத்துக்கு 22 சொல் வேகத்தில் தன் அழைப்புக் குறி (நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்தும் இலக்கமும்), பிறகு ஒரு செக்கன் நீளமான நான்கு கோடுகள். குறியும் முதல் கோடும் 100 வாட், இரண்டாவது 10, மூன்றாவது 1, நான்காவது பத்தில் ஒரு வாட். எத்தனையாவது கோடுவரை கேட்கிறது என்பதை வைத்து அந்தத் திசையில் வழி எப்படித் திறந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்தப் பட்டியலில் பத்தாவது இடம் கொழும்புக்கு. அதன் குறி 4எஸ்7பி:

டி டி டி டி டா, டி டி டிட், டா டா டி டி டிட், டா டி டி டிட்

சுற்று தொடங்கி ஒரு நிமிடம் முப்பதாவது செக்கனில் அதன் முறை வரும். அடுத்தடுத்த பத்து செக்கன்களில் 18.110, 21.150, 24.930, 28.200 என்று மேலேறும். வெளிநாட்டு இணைய வாங்கி ஒன்றைத் திறந்துவைத்து, நம் ஊர்க் குறி அங்கே வந்து சேர்வதைக் காதால் பிடிக்க முயலுங்கள். பாடப் பயிற்சியாகவும் இது நல்லது. அதைவிட, பிடிபட்ட அன்று இரவு தூக்கம் வராது.

ஐந்தாம் படி: கை

எழுத்துகள் எல்லாம் காதில் நிற்கும்வரை, மோர்ஸை அடித்து அனுப்பும் கருவியான சாவியைத் தொடாதீர்கள். காது தயாராகும் முன் கை போனால், கை தன் பிழையான மாத்திரையைக் காதுக்குக் கற்பித்துவிடும்.

பழைய தந்தி அலுவலகத்தில் இருந்ததுபோன்ற நேர்ச்சாவியில் ஒவ்வொரு டியும் டாவும் உங்கள் கையாலேயே உருவாகிறது. துடுப்புச் சாவியில் பெருவிரல் டிகளையும் சுட்டுவிரல் டாக்களையும் தொட, ஒரு சிறிய மின்சுற்று நீளத்தைச் சரியாக அமைத்துத் தரும். வேகமாகப் போக வேண்டும் என்றால் துடுப்புதான் நல்லது, கையும் நோகாது. நான் தொடக்கத்தில் நேர்ச்சாவியைப் பரிந்துரைப்பேன், குறைந்தது மூன்று மாதத்துக்கு. மூன்று மாத்திரை என்றால் எவ்வளவு என்று கைக்குத் தெரிவதற்கு வேறு வழி இல்லை.

சாவியை மேசை விளிம்பில் வைக்காமல், முழங்கை மேசையில் ஊன்றும்படி உள்ளே தள்ளி வையுங்கள். அசைவு விரலிலிருந்து வரக்கூடாது, மணிக்கட்டிலிருந்து வரவேண்டும். குமிழை இறுகப் பிடிக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் முன்கை வலித்தால் பிடி இறுகியிருக்கிறது என்று பொருள். நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். உங்கள் அனுப்புதலைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து மறுநாள் கேட்டு எழுதிப் பாருங்கள். உங்கள் மோர்ஸை உங்களாலேயே வாசிக்க முடியவில்லை என்றால் பிறரால் முடியாது.

ஒரே சாம்பார்ப் பொடி, ஒரே பருப்பு, ஆனால் அம்மா வைத்தால் ஒரு ருசி, பெரியம்மா வைத்தால் வேறு. அதைக் கைப்பக்குவம் என்கிறோம். மோர்ஸிலும் அது உண்டு. ஒருவர் கடைசி டாவைச் சற்றே இழுப்பார், இன்னொருவர் எழுத்துக்கு முன் ஒரு நுண்ணிய தயக்கம் வைப்பார். பெயர் சொல்லும் முன்பே இன்னார் என்று தெரிந்துவிடும். ஐயா கப்பலில் இருந்த காலத்தில், ஒரு துறைமுக நிலையத்தின் இரவுக் கடமையில் எவர் இருக்கிறார் என்பதை முதல் இரண்டு எழுத்திலேயே சொல்லிவிடுவாராம். குரலே இல்லாத ஒரு தொடர்பில் ஆளை அடையாளம் காண முடிகிறது என்பதுதான் என்னை இதில் கட்டிப்போட்ட விஷயம்.

ஆறாம் படி: அனுமதிப்பத்திரம்

கேட்பது வேறு, அனுப்புவது வேறு. இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு வாட்கூட அனுப்பக்கூடாது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தேர்வு நடத்தி இதை வழங்குகிறது. அலுவலகம் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது. ரேடியோக் கருவிகளை வெளிநாட்டிலிருந்து தருவிக்கவும் அவர்களின் அனுமதி வேண்டும். கருவியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று இருக்காதீர்கள்; சுங்கத்தில் பெட்டி நின்றுவிடும்.

ரேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்காவோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கான பாடங்களில் மின்சுற்று, அன்டெனா, விதிமுறை எல்லாம் வரும்; தனியே படிப்பதைவிட அனுபவசாலிகளோடு சேர்ந்து படிப்பது எளிது.

நம்மவர்கள் பலருக்கு வீட்டில் ஒரு கம்பி கட்டுவதே தயக்கமான காரியம் என்பது எனக்குத் தெரியும். போர்க்காலத்தில் ரேடியோக் கருவி என்றாலே சந்தேகத்துக்கு இடமாக இருந்தது, அந்தப் பயம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. என் அம்மாவும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். முறையான பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய பிறகுதான் சமாதானமானார். அதனால் இந்தப் படியைக் கடைசிவரை தள்ளிப் போடாதீர்கள். 2004 சுனாமியில் தெற்கே தொலைபேசி அறுந்தபோது ஹம்பாந்தோட்டைக்குக் கருவிகளோடு போய்க் கொழும்போடு தொடர்பை ஏற்படுத்தியவர்கள் ஹாம் எனப்படும் இந்தப் பொழுதுபோக்கு வானொலி இயக்குநர்கள்தான். அதையும் வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: தொடர்மாடியில் ஒரு நிலையம்

கொழும்பில் பெரிய சிக்கல் கருவி அல்ல, இடம். பெரும்பாலானோர் தொடர்மாடியில் இருக்கிறோம். மொட்டை மாடி நிர்வாகக் குழுவின் கையில். முதலில் அவர்களிடம் பேசுங்கள். மெல்லிய ஒரு கம்பிதான், உடை காயப்போடும் கொடியைவிடக் கண்ணுக்குத் தெரியாது என்று நேரில் காட்டினால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

மிக எளிய அன்டெனா இருமுனைக் கம்பி. மொத்த நீளத்துக்கு 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும். 14.05க்கு 10.2 மீட்டர், அதாவது பக்கத்துக்கு 5.1. தொடக்கத்தில் 5.3 வெட்டி, அளந்து அளந்து குறைத்து வாருங்கள். குறைத்ததை ஒட்டுவதைவிட நீண்டதை வெட்டுவது சுலபம். நடுப்பகுதியை ஒரு பிளாஸ்டிக் குழாயில் உயர்த்தி, இரு முனைகளையும் சாய்வாக இறக்கினால் ஒரே ஒரு கம்பம் போதும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டருக்கு மேல் வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் வருந்தாதீர்கள், 14, 21, 28 மூன்றிலும் போதுமான அளவு உலகம் இருக்கிறது.

கம்பி, இணைப்பான், அன்டெனாவை ரேடியோவோடு இணைக்கும் ஓரச்சு வடம் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடினால் கிடைக்கும். பிளாஸ்டிக் உறையுள்ள செப்புக் கம்பியே வாங்குங்கள். மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்குக் கடற்காற்று வெறும் செம்பைச் சில மாதத்தில் பச்சையாக்கிவிடும். நான் முதலில் ஒரு பற்றுவைப்பை மூடாமல் விட்டேன். அடுத்த பருவமழை முடிந்தபோது கைபட்டதும் உதிர்ந்தது. இப்போது ஒவ்வொரு மூட்டையும் ரப்பர் நாடாவால் சுற்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். காகங்களையும் கணக்கில் எடுங்கள், மெல்லிய கம்பித் துண்டு எதைக் கண்டாலும் கூட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

மின்கம்பிக்கு அருகே ஒருபோதும் அன்டெனா கட்டாதீர்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி வரும். பயன்படுத்தாத நேரத்தில் வடத்தைக் கழற்றி யன்னலுக்கு வெளியே விடுவதை வழக்கமாக்குங்கள்.

பிறகு இரைச்சல். எல்இடி விளக்கு, கைத்தொலைபேசிச் சார்ஜர், லிஃப்ட் எல்லாம் கலந்து ஒரு பெரும் கரகரப்பாக வரும். 12 வோல்ட் பற்றரியில் ரேடியோவை இயக்கி, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துக் கேளுங்கள். இரைச்சல் குறைந்தால் காரணம் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பிடித்துவிடலாம். குறையவில்லை என்றால் அயல்வீடு. அதற்கு மருந்து குறுகிய வடிகட்டியும், ஊர் உறங்கிய பின் உட்காருவதும்தான். நகரத்துக் கரகரப்பில் பேச்சு முழுதாக மூழ்கிப்போகும் இரவுகளில்கூட, மோர்ஸின் ஒற்றைச் சுருதியைக் காது பிரித்தெடுத்துவிடும்.

ரேடியோவைப் பொறுத்தவரை 5 வாட்டுக்கு மேல் தேவையில்லை. அனுமதி கிடைத்த பிறகு, சிறு பாகங்களாக வரும் ஒற்றை அலைவரிசைக் கருவி ஒன்றை நீங்களே பற்றுவைத்துக் கட்டினால் அதன் ஒவ்வொரு பாகமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எட்டாம் படி: முதல் தொடர்பு

கை நடுங்கும். அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். சொல்லவேண்டியதைக் கடதாசியில் முழுதாக எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை ஐந்தரைக்குப் பின், சூரியன் கடலில் இறங்கும் நேரம், கொழும்பிலிருந்து 14 மெகாஹெர்ட்ஸில் ஐரோப்பா பக்கம் நன்றாகத் திறக்கும். நீங்கள் அழைப்பதைவிட, மெதுவாக அழைக்கும் ஒருவரைத் தேடி அவருக்குப் பதில் சொல்வது எளிது. அவர் குறியை இரண்டு தடவை கேட்டு எழுதிவிட்டு, அவர் நிறுத்தியதும் உங்கள் குறியை மட்டும் இரண்டு முறை அனுப்புங்கள். அவர் அனுப்பும் வேகத்தைத் தாண்டாதீர்கள். வேகம் அதிகமாக இருந்தால் "கியூஆர்எஸ்" என்று கேளுங்கள், மெதுவாக அனுப்புங்கள் என்று பொருள். நல்ல இயக்குநர் எவரும் அதற்காகச் சலித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. உலகில் அநேகமாக எல்லோரும் ஒருநாள் அதைக் கேட்டவர்கள்தான்.

நீங்களே அழைப்பதென்றால், முதலில் "கியூஆர்எல்?" என்று அனுப்பி, அலைவரிசை காலியா என்று கேளுங்கள். இரண்டு தடவை கேட்டும் பதில் இல்லை என்றால், சிகியூ மூன்று முறை, "டிஈ" (இன்னாரிடமிருந்து என்று பொருள்), உங்கள் குறி இரண்டு முறை, முடிவில் கே (பதில் அனுப்புங்கள் என்று பொருள்). இலங்கைக் குறிகளின் தொடக்கத்தில் வரும் நம் 4எஸ்7 முன்னொட்டுக்கு உலகில் ஆசைப்படுபவர்கள் அதிகம். நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் பதறாமல், பிடிபட்ட இரண்டு எழுத்தைக் கேள்விக்குறியோடு திருப்பி அனுப்புங்கள். உரியவர் மட்டும் மீண்டும் வருவார்.

தொடர்புக்குள் மூன்று விஷயம் பரிமாறினால் போதும்: ஒலி எப்படிக் கேட்கிறது என்ற மூன்று இலக்க அறிக்கை, பெயர், ஊர். அறிக்கையில் முதல் இலக்கம் தெளிவு, இரண்டாவது பலம், மூன்றாவது சுருதியின் தூய்மை. 599 என்றால் எல்லாம் முழுதாக இருக்கிறது. மரியாதைக்காக எல்லோருக்கும் 599 கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. 449 என்றால் 449 என்றே சொல்லுங்கள், அவருக்கு அது உண்மையில் பயன்படும். உங்கள் பெயர் நீளம் என்றால் சுருக்கிக்கொள்ளலாம். எனக்கு எட்டு எழுத்து, மூன்றாக வெட்டிவிட்டேன்.

ஜப்பானியரோ, ரஷ்யரோ, காலியில் இருக்கும் சிங்களவரோ, இதே சில சுருக்கங்களில்தான் பேசுவார்கள். உச்சரிப்பும் குறுக்கே வராது. என் முதல் தொடர்பில் மறுபக்கம் இருந்தவர் ஃபின்லாந்தில் ஒரு வயோதிபர். என் பிழைகளைக் கேட்டுத் தன் வேகத்தைப் பாதியாக்கி, என் ஊர்ப் பெயரை நான் அனுப்பியபடியே எழுத்தெழுத்தாகத் திருப்பி அனுப்பினார். சரியா என்று ஒரு கேள்விக்குறி. சரி என்று அடித்தேன்.

முடிக்கும்போது 73, பிறகு தொடர்பு முடிந்தது என்பதற்கு "எஸ்கே", அதன் இரண்டு எழுத்தையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து: டி டி டி டா டி டா. அதற்கும் பின்னால் இருவரும் ஆளுக்கு இரண்டு ஒற்றை டிட் அனுப்பிப் பிரிவது வழக்கம். அது எந்தப் புத்தக விதியும் இல்லை, வாசல்வரை வந்து கையசைப்பதைப் போன்றது. அதைத் தவறவிடாதீர்கள்.

பதிவேட்டில் நேரத்தை உலக நேரத்தில் எழுத வேண்டும். நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணிநேரம் கழியுங்கள். மாலை 6.10 என்றால் 12.40. அலைவரிசை, அவர் குறி, இரு பக்க அறிக்கை, பெயர், ஊர். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள். என் முதல் வரியின் ஓரத்தில் "வெளியே பனி பெய்கிறது" என்று எழுதியிருக்கிறேன்.